ஊட்டி ரேஸும் கடைத்தெருவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளைக்காரன் காலத்து ஊட்டி ரேஸ் பற்றிப் பேச்செடுத்தாலே ஒரே மாதிரியான சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. கோப்பை வாங்கிய குதிரை, கைதட்டிய கவர்னர், குடை பிடித்த துரைசானி என்று எழுதியவர்கள் நிறைய பேர். அந்தக் குதிரைக்குக் கொள்ளு விற்றவர் யார், புல் அறுத்தவர் யார் என்று கேட்டால் சட்டென்று பதில் கிடைப்பதில்லை. ஆகவே கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்து, எனக்குத் தெரிந்ததை எழுதியிருக்கிறேன்.

ஊட்டியில ரேஸ் எப்போ ஆரம்பிச்சது? ஆளுக்கொரு வருஷம் சொல்றாங்களே?

ரேஸ் வட்டாரத்தில் 1886-ஐத் தொடக்கமாக வைத்துக்கொள்கிறார்கள். கிண்டியில் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே பந்தயம் ஓடியிருக்கிறது. 1896-ல் மெட்ராஸ் ரேஸ் கிளப் அமைந்தது. குளிர்காலத்தில் கிண்டி, கோடையில் ஊட்டி என்ற ஏற்பாடு அதன் கையில்தான் நிலைத்தது.

ஆனால் முறையான களம், கிளப், விதிமுறை எல்லாம் வருவதற்கு முன்பே குதிரைகளை ஓடவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறி வந்தது 1819-ல். அடுத்த பத்து இருபது வருடங்களில் உடம்பு தேற்றிக்கொள்ள வரும் ராணுவ அதிகாரிகளுக்கான ஊராக ஊட்டி மாறிவிட்டது. ஆளுக்கொரு குதிரை, கை நிறைய ஓய்வு நேரம். பந்தயம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். வருஷம் மாறி மாறிச் சொல்லப்படுவதற்குக் காரணம் இதுதான். ஒருவர் முதல் ஓட்டத்தைக் கணக்கில் எடுக்கிறார், இன்னொருவர் முறையான களத்தை.

மலையில சமதரையே கிடையாது. அவ்வளவு பெரிய மைதானம் எப்படிக் கிடைச்சது?

ஏரி கொடுத்த இடம் அது. சல்லிவன் 1823 முதல் 1825 வரையில் உண்டாக்கிய ஏரி, இன்று படகு ஓடும் அளவைவிடப் பெரியது. இன்றைய பஸ் ஸ்டாண்டு, ரேஸ்கோர்ஸ் பக்கமெல்லாம் அதன் பரப்புதான். ஏரி சுருங்கச் சுருங்கத் தரை வெளியே வந்தது. அந்தப் பகுதிக்கு ஹோபார்ட் பார்க் என்று பெயர். 1872-லிருந்து 1875 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த ஹோபார்ட் பிரபுவின் பெயர் அது.

சுற்றளவு ஏறக்குறைய 2.4 கிலோமீட்டர், பரப்பு 52 ஏக்கர் சொச்சம். ஊர் நடுவில் பள்ளத்தில் கிடப்பதால் பெரிய மழை வந்தால் அந்தப் பக்கம் இன்றும் தண்ணீர் தேங்குகிறது. ஏப்ரலில் தொடங்கிய ரேஸ், தென்மேற்குப் பருவமழை வலுக்கும் ஜூனோடு ஏன் முடிந்தது என்று கேட்பவர்களுக்கும் இதிலேயே பாதி பதில் இருக்கிறது.

ரேஸ் வந்ததாலதான் ஊட்டி இவ்வளவு பெரிய ஊராச்சு, சரிதானே?

இல்லை. அரசாங்கம் வந்ததால் ஊர் பெரிதானது. அரசாங்கத்தின் பின்னால் ரேஸ் வந்தது. 1870 முதல் சென்னை மாகாண அரசாங்கம் வருடத்தில் ஏறக்குறைய பாதியை ஊட்டியில் கழித்தது. ஆளுநர் மட்டும் மூட்டை கட்டிக்கொண்டு வரவில்லை. செயலர்கள், குமாஸ்தாக்கள், டபேதார்கள், கோப்புப் பெட்டிகள், சமையல்காரர்கள், அவரவர் குடும்பம் என்று ஒரு பட்டாளமே ஏறியது. 'மக்கள் வெயிலில் வேக, சர்க்கார் மலைக்கு ஓடுகிறதா' என்ற தொனியில் சென்னைப் பத்திரிகைகள் இதைக் கண்டித்துக்கொண்டே இருந்தன.

1901 கணக்கெடுப்பில் ஊட்டியின் மக்கள்தொகை 18,596. இந்த எண்ணைப் பலர் எடுத்தாள்கிறார்கள், ஆனால் ஒன்றைக் கவனிப்பதில்லை. அந்தக் கணக்கு எடுத்தது மார்ச் மாதத் தொடக்கத்தில், அதாவது சீசனுக்கு முன்னால். வியாபாரிகள் நம்பியிருந்த கோடைக் கூட்டம் அந்த எண்ணில் வராது.

இந்தக் கூட்டத்தின் பொழுதுபோக்குகளில் ரேஸ் ஒன்று, அவ்வளவுதான். 1896-ல் தொடங்கிய மலர்க் கண்காட்சி, கிளப் விருந்து, டென்னிஸ், வேட்டை எல்லாம் பக்கத்தில் இருந்தன. ரேஸ் சில பிற்பகல்களோடு முடிந்துவிடும். குதிரை மட்டும் சீசன் முழுக்கத் தின்றுகொண்டே இருக்கும். கடைத்தெருவுக்கு வேண்டியதும் அதுதான்.

குதிரைங்க எல்லாம் இங்கிலாந்துல இருந்தா வந்துச்சு?

சில வந்தன, ஆனால் அவை பெரும்பணக்காரர் சமாச்சாரம். 19-ஆம் நூற்றாண்டில் தென்னிந்தியக் களங்களில் அதிகம் ஓடியவை அரபுக் குதிரைகளும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த 'வேலர்' குதிரைகளும். அரபுக் குதிரைகளைப் பாரசீக வளைகுடாப் பக்கமிருந்து வியாபாரிகள் பம்பாய்க்குக் கொண்டுவந்து விற்றார்கள். வேலர் குதிரைகளை முதலில் வாங்கியது ராணுவம். குதிரைப்படைக்கும் பீரங்கி வண்டிக்கும் எடுத்ததுபோக மீதி தனியாருக்குப் போனது.

சென்னையில் அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்கும், சரக்கும் ஆளும் மசூலாப் படகில் அலை தாண்டி வரவேண்டும். குதிரையைப் படகில் ஏற்றுவது நடக்கிற காரியமா? கடலில் இறக்கி நீந்தவைத்துத்தான் கரையேற்றினார்கள். ஆஸ்திரேலியக் குதிரைகள் சென்னைக் கடற்கரையில் இப்படி இறங்குவதைக் காட்டும் 1834-ஆம் ஆண்டு ஓவியம் ஒன்று உண்டு. பக்கத்தில் கட்டுமரங்களும் நம்மூர் மீனவர்களும் தெரிவார்கள். குதிரை வியாபாரத்தில் முதல் கூலி வாங்கியவர்கள் அவர்கள்தான்.

இவை தவிர உள்நாட்டுக் குதிரைகள், பர்மா மட்டக்குதிரைகளும் இருந்தன. உயரத்தைக் 'கை' கணக்கில் அளப்பார்கள். ஒரு கை என்பது நான்கு அங்குலம். உயரத்துக்குத் தக்கபடி சுமையைக் கூட்டிக் குறைத்து ஓடவிடுவதும் வழக்கம். அதனால் மட்டக்குதிரை வைத்திருந்த சாதாரண அதிகாரிகூட ஒரு கை பார்க்க முடிந்தது.

ரயில் இல்லாத காலத்துல ரேஸ் குதிரையை மலைக்கு எப்படி ஏத்தினாங்க?

நடத்தித்தான். 1873-ல் மேட்டுப்பாளையம் வரை ரயில் வந்தது. அங்கிருந்து குன்னூர் வழியாக ஊட்டிக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர் மலைப்பாதை. துரைமார் டோங்கா என்ற குதிரை வண்டியில் ஏறிக்கொள்ள, ஓடவேண்டிய குதிரையைக் குதிரைக்காரர் கையில் பிடித்தபடி நிறுத்தி நிறுத்திக் கூட்டிவருவார். ஏறினதும் உடனே ஓடவிட முடியாது. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று மெலிந்திருக்கும், சமவெளிக் குதிரைக்கு மூச்சு பழக நாள் பிடிக்கும். அத்தனை நாளும் லாய வாடகை, தீனிச் செலவு. உரிமையாளருக்கு நஷ்டம், ஊருக்கு வரும்படி.

ஒரு குதிரைக்குப் பின்னாடி எத்தனை பேருக்குப் பிழைப்பு இருந்திருக்கும்?

குறைந்தது இரண்டு பேர் கட்டாயம் உண்டு. ஒருவர் குதிரைக்காரர். இன்னொருவர் புல் அறுப்பவர். சென்னை மாகாணத்தில் ஒவ்வொரு குதிரைக்கும் தனித்தனியாக இந்த இரண்டு பேரையும் வைப்பது வெள்ளைக்கார வீடுகளில் வழக்கம். புல் அறுக்கும் வேலையைப் பெரும்பாலும் குதிரைக்காரரின் மனைவியே செய்தார். சம்பளப் புத்தகத்தில் இரண்டு வரி, வீட்டில் ஒரே அடுப்பு.

இந்த வேலையைச் சுலபமாக நினைத்துவிட வேண்டாம். மேய்ச்சலுக்கு விடாமல் லாயத்திலேயே கட்டி வளர்க்கும் குதிரைக்குத் தினமும் புதுப் புல் வேண்டும். சமவெளியில் அருகம்புல்லை வேரோடு செதுக்கி, மண்ணை உதறி, அலசிக் கட்டாகக் கட்டித் தலையில் சுமந்து வருவார்கள். வெயிலோ மழையோ, ஒரு நாளும் லீவு கிடையாது. ஜாக்கி எத்தனை பவுண்டு எடை என்பதைப் பந்தயப் பட்டியலில் அச்சடித்தார்கள். அந்தப் பெண் சுமந்த கட்டின் எடையை எந்தப் பட்டியலிலும் காணோம்.

இந்த இருவர் போக லாடம் அடிப்பவர், சேணமும் கடிவாளமும் தைத்துப் பழுது பார்ப்பவர், வண்டிக்காரர், தீனிக் கடைக்காரர், கம்பளி விற்பவர். ஊட்டிக் குளிரில் குதிரைக்கும் போர்வை வேண்டும், அதை மறந்துவிடக் கூடாது. லாயத்துக் குப்பைக்கும் கிராக்கி உண்டு. சுற்றிலும் முட்டைக்கோஸும் கேரட்டும் விளையும் தோட்டங்கள், எரு சும்மா போகுமா?

ரேஸ் குதிரைக்கு ஓட்ஸ்தான் போடுவாங்க. நம்ம ஊர்க் கடையில அதுக்கு என்ன வேலை?

இன்றைய பழக்கத்தை அன்றைக்குப் பொருத்திப் பார்க்கிறீர்கள். சென்னை மாகாணத்தில் குதிரைத் தீனி என்றால் கொள்ளு. அதை வேகவைத்து ஆறவைத்து, நசுக்கிக் கொடுப்பார்கள். குதிரைக்காரர் உண்மையாகவே கொள்ளு முழுவதையும் வேகவைத்தாரா, பாதியைத் தன் வீட்டுக்கு எடுத்துப்போனாரா என்று துரைசானிகள் சந்தேகப்படுவார்கள். குதிரை தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்கச் சொல்லி வீட்டுக் குறிப்பேடுகள் அறிவுரை கூறின. அவருக்குக் கொடுத்த சம்பளம் போதுமா என்ற கேள்வியை அந்தக் குறிப்பேடுகள் எழுப்பவில்லை.

நீலகிரியில் கொள்ளு பெரிதாக விளையாது. கோயம்புத்தூர் மானாவாரி நிலங்களில் விளைந்தது மாட்டு வண்டியிலும் பொதிமாட்டிலும் ஏறி வந்தது. ஆக, ஊட்டியில் ஒரு குதிரை கூடினால் கீழே ஒரு தானிய மண்டிக்கும் நடுவழியில் வண்டிக்காரருக்கும் வரும்படி. அரிசிக்கும் இதே கதைதான். மலையில் விளையாததை எல்லாம் வண்டிக்கூலியும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும்.

கடை வச்சிருந்தவங்க யாரு? உள்ளூர் ஆளுங்களா, வெளியூரா?

பெரும்பாலும் மலைக்கு வந்து சேர்ந்தவர்கள். சமவெளியிலிருந்து தமிழ், கன்னடம் பேசும் செட்டிமார், முஸ்லிம் வியாபாரிகள், சில பார்சிகள். இவர்கள் இருந்தது பஜார் பக்கம். மேலே சாரிங் கிராஸ் பக்கமோ வேறு உலகம். ஸ்பென்சர், ஹிக்கின்பாதம்ஸ் போன்ற சென்னைக் கம்பெனிகள் அங்கே கிளை வைத்தன. ஷாம்பெயினும் தொப்பியும் புத்தகமும் அங்கே, கொள்ளும் கயிறும் லாட ஆணியும் இங்கே. ரேஸ் நாளில் இரண்டு பக்கமும் கூட்டம்தான், ஆனால் ஒரு பக்கத்து ஆள் மறுபக்கம் போவது அபூர்வம். துரைக்காகப் பட்லர்தான் பஜாருக்கு வருவார்.

இதில் மேலே வந்தவர்களும் உண்டு. இன்று பல ஊர்களில் தெரிந்த 'நீல்கிரிஸ்' கடையின் தொடக்கம் 1905-ல் முத்துசாமி முதலியார் மலையில் ஆரம்பித்த வெண்ணெய் வியாபாரம். வாங்கியவர்கள் துரைமார்கள். வாடிக்கையாளர் எங்கெல்லாம் இருக்கிறாரோ அங்கெல்லாம் கடையும் போகவேண்டும் என்று புரிந்துகொண்ட குடும்பம் அது. 1936-ல் பெங்களூர் பிரிகேட் ரோட்டுக்குப் போனார்கள்.

தோடர், படகர், கோத்தர் எல்லாம் இதுல எங்கே வர்றாங்க?

மூவரையும் ஒன்றாகச் சேர்த்துப் பேச முடியாது. தோடர்களுடைய மேய்ச்சல் நிலத்தின் மேல்தான் ஊரே எழுந்தது. பந்தய வியாபாரத்தில் அவர்களுக்குக் கிடைத்ததைவிட இழந்தது அதிகம். வேடிக்கை பார்க்க வந்த தோடர்களைப் புகைப்படம் எடுத்து அஞ்சலட்டை விற்றவர்கள் சம்பாதித்தார்கள்.

படகர்கள் விவசாயிகள். உருளைக்கிழங்கு, பார்லி, கோதுமை என்று சீசன் கூட்டத்துக்கு விற்க அவர்களிடம் சரக்கு இருந்தது. சந்தை வளர வளர அவர்கள் கையில் காசு புழங்கியது. கோத்தர் இரும்பு வேலையில் கெட்டிக்காரர்கள், ஆனால் அவர்கள் உலை காலங்காலமாகப் படகர் வீட்டுக் கத்திக்கும் மண்வெட்டிக்கும் எரிந்தது. குதிரை லாடம் புதிதாக வந்த தேவை.

துரைமாருங்க கடன் வச்சுட்டு சீசன் முடிஞ்சதும் கம்பி நீட்டிடுவாங்களாமே, நெஜமா?

எல்லாரும் அப்படியில்லை, ஆனால் கடன் இல்லாமல் எதுவும் நடக்கவில்லை. அந்தக் காலத்து வெள்ளைக்காரர் கையில் காசு வைத்துக்கொண்டு நடப்பதில்லை. ஒரு சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார், கிளப்பிலும் கடையிலும் அதுதான் செல்லும். மாதக் கடைசியில் சீட்டுகளைச் சேர்த்துப் பில் அனுப்புவார்கள். சம்பளம் வந்தால் பணம் வரும். திடீரென்று வேறு ஊருக்கு மாற்றல் வந்தாலோ, ரேஸில் கை சுட்டுக்கொண்டாலோ, கடைக்காரர் பாடு திண்டாட்டம்.

இதெல்லாம் தெரிந்துதான் விலையே வைத்தார்கள். வராக்கடனுக்கு ஒரு பங்கு, வட்டிக்கு ஒரு பங்கு, பட்லர் கமிஷனுக்கு ஒரு பங்கு. ஊட்டியில் எல்லாம் யானை விலை என்று துரைசானிகள் புலம்புவார்கள். ஆறு மாதத்தில் சம்பாதித்து அடுத்த ஆறு மாதம் கடையைத் திறந்துவைக்க வேண்டியவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது கொள்ளை விலை இல்லை என்பது என் எண்ணம். சமவெளிக் கடைக்காரருக்கு வருடம் பன்னிரண்டு மாதம், இவருக்கு ஆறுதான்.

நம்ம ஆளுங்க பந்தயம் கட்டினாங்களா, இல்ல வேலிக்கு வெளியேயே நின்னாங்களா?

இரண்டும் நடந்தது. ஆனால் பெரிய பணம் புழங்கிய இடத்துக்குள் அவர்களுக்கு அனுமதி இல்லை. அன்றைக்கு இந்தியா முழுக்க இருந்த பழக்கம் ஒன்றைச் சொல்கிறேன். பந்தயத்துக்கு முந்தின இரவு விருந்து முடிந்ததும் ஓடப்போகும் குதிரைகளை ஒவ்வொன்றாக ஏலம் விடுவார்கள். குதிரை கைமாறாது, அது ஜெயித்தால் வரும் பணத்துக்கான உரிமைதான் ஏலம். எல்லா ஏலத்தொகையும் ஒரே பானையில் விழும். மறுநாள் ஜெயிக்கும் குதிரையை ஏலத்தில் எடுத்தவருக்குப் பெரும்பங்கு. 'லாட்டரி' என்று இதற்குப் பெயர். நடந்தது கிளப்பிலும் அதிகாரிகள் விருந்துக் கூடத்திலும். 1840-களில் தொடங்கிய ஊட்டி கிளப்பில் இந்தியர் என்றால் பரிமாறுபவர்தான்.

மகாராஜாக்கள், ஜமீன்தார்கள் கதை வேறு. குதிரை வைத்திருந்தவர்கள் அவர்கள், களத்தில் மரியாதை கிடைத்தது. சாதாரண ஜனம் வேலி ஓரத்தில் தங்களுக்குள் அணா கணக்கில் கட்டிக்கொண்டார்கள். லாயத்தில் வேலை செய்பவரின் சொந்தக்காரர் சொன்னால் 'உள்தகவல்' என்ற மவுசு அன்றைக்கும் இருந்திருக்கும், இன்றைக்கும் இருக்கிறது. குதிரை ஜெயித்ததா என்றால் அது வேறு விஷயம்.

ரேஸும் ஊட்டி ஹன்ட்டும் ஒண்ணா?

இல்லை. ஹன்ட் என்பது நாய்க்கூட்டத்தோடு குதிரையில் நரியைத் துரத்துவது. இங்கிலாந்து நரி இங்கே ஏது, குள்ளநரியைத் துரத்தினார்கள். இடம் வென்லாக் டவுன்ஸ் புல்வெளி. ஆள் ஒன்றுதான், காலையில் வேட்டை, இன்னொரு நாள் ரேஸ். கடைக்காரருக்கு இரண்டும் ஒரே கொள்ளுக் கணக்கு.

மலை ரயில் வந்ததும் கடைக்காரங்களுக்கு யோகம்தானே?

எந்தக் கடை என்பதைப் பொறுத்தது. 1899-ல் குன்னூர், 1908-ல் ஊட்டி என்று ரயில் ஏறியது. சரக்கு சுலபமாக வந்தது, ஆட்களும் கூடினார்கள். ஆனால் மலைப்பாதை நெடுக டோங்கா ஓட்டியவர், மாற்றுக் குதிரை வைத்திருந்தவர், சத்திரத்தில் தீனி விற்றவர், பொதிமாட்டுக்காரர் ஆகியோருக்கு அடி விழுந்தது. பின்னாலேயே மோட்டார் காரும் வந்துவிட்டது. ஊருக்குள் சவாரிக் குதிரை குறையக் குறைய, முன்பு சொன்ன குதிரைக்காரர், புல் அறுப்பவர் என்ற ஜோடியும் குறைந்தது.

இங்கே ஒரு விசித்திரம். ஒரு காலத்தில் ஊர் முழுக்கக் குதிரை இருந்தது, ரேஸ் அதில் ஒரு சிறு பகுதி. மோட்டார் வந்தபிறகு ரேஸுக்காக மட்டுமே குதிரை மிஞ்சியது. ரேஸ்தான் ஊரை வளர்த்தது என்ற எண்ணம் பிற்காலத்தில் வலுத்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். நினைவில் நின்ற குதிரை ரேஸ் குதிரை மட்டும்தானே.

இது சூதாட்டம்தானே, சுதந்திரத்துக்கு அப்புறம் ஏன் தடை பண்ணல?

பண்ணப் பார்த்தார்கள். 1974-ல் கருணாநிதி அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டமே கொண்டுவந்தது. மெட்ராஸ் ரேஸ் கிளப் வழக்குக்குப் போனது. 1996-ல் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயத்தில் அதிர்ஷ்டத்தைவிடத் திறமைக்கே பெரிய பங்கு, குதிரையின் வம்சம், பயிற்சி, ஜாக்கியின் கெட்டிக்காரத்தனம் எல்லாவற்றையும் கணித்துக் கட்டுவது வெறும் சூதாட்டம் ஆகாது என்று தீர்ப்பளித்தது. கிளப்பையே அரசு எடுத்துக்கொள்ள 1986-ல் வந்த சட்டமும் அந்த வழக்கில் செல்லாமல் போனது. திறமையா சூதா என்று வேலி ஓரத்தில் பணம் விட்டவரைக் கேட்டால் அவர் வேறு தீர்ப்புச் சொல்வார்.

2024-ல ரேஸ்கோர்ஸ் நிலத்தை அரசு எடுத்துக்கிச்சே. கடைக்காரங்களுக்கு நஷ்டம் இல்லையா?

2024-ல் வருவாய்த் துறை 52.34 ஏக்கரைத் தன்வசம் எடுத்து, சுற்றுச்சூழல் பூங்கா அமைக்கத் தோட்டக்கலைத் துறையிடம் கொடுத்தது. குத்தகை பாக்கி 822 கோடி ரூபாய் என்பது அரசு சொன்ன கணக்கு. கிளப் அதை ஏற்காமல் நீதிமன்றம் போனது.

வியாபார நஷ்டம் பற்றி: லாயத்தில் வேலை பார்த்தவர்களுக்கும் சீசன் கூலிக்கு வருபவர்களுக்கும் நிச்சயம் அடிதான். பொதுவான கடைத்தெருவுக்கு அந்த அளவு பாதிப்பு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. மூன்றாவது கேள்விக்கான பதிலைத் திரும்பப் பாருங்கள். அன்றைக்குக் கவர்னர் கூட்டம் செய்த வேலையை இன்றைக்குச் சுற்றுலாக் கூட்டம் செய்கிறது. கோடை விடுமுறைக்கு வரும் குடும்பம் பெரும்பாலும் ரேஸ் பார்க்க வருவதில்லை, ஏரிக்கரை மட்டக்குதிரையில் பிள்ளையை உட்காரவைத்துப் படம் எடுத்துக்கொண்டு வர்க்கியும் தைலமும் வாங்கிப் போகிறது.

எங்க கொள்ளுத் தாத்தா ஊட்டியில குதிரைக்காரரா இருந்தார்னு சொல்வாங்க. பேரைத் தேட வழி இருக்கா?

ரேஸ் பதிவுகளில் தேடிப் பயனில்லை. குதிரை, உரிமையாளர், பயிற்சியாளர், ஜாக்கி பெயர் இருக்கும், அதோடு சரி. ஊட்டி நகராட்சி 1866-ல் அமைந்தது. பிறப்பு இறப்புப் பதிவேட்டில் அப்பா பெயரும் தெருவும் இருந்தால் அதிர்ஷ்டம். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் தேவாலயத்து ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளில் பெயரோடு தொழிலையும் எழுதிவைக்கும் வழக்கம் உண்டு, அங்கே முதலில் கேளுங்கள். முஸ்லிம் குடும்பம் என்றால் ஜமாத் திருமணப் பதிவேடு. கவர்னர் மாளிகை லாயத்தில் வேலை பார்த்தவராக இருந்தால் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் சிப்பந்திகள் சம்பளக் கோப்புகளைக் கேட்டுப் பார்க்கலாம்.

போகும் முன் வீட்டில் பெரியவர்களிடம் இரண்டு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள்: எந்த பங்களா, எந்த லைன் (வேலைக்காரர் வீட்டு வரிசை). துரை பெயர் ஞாபகம் இல்லாவிட்டாலும் பங்களா பெயர் பலருக்கு ஞாபகம் இருக்கும். பாட்டியைப் பற்றியும் சேர்த்துக் கேளுங்கள். அவரும் அதே லாயத்துக்குப் புல் அறுத்திருந்தால், சம்பளக் கோப்பில் தாத்தா பெயருக்கு அடுத்த வரியிலேயே இருக்க வாய்ப்பு உண்டு.